தங்கப்பழத்தின் ரத்தம் சாய்ந்த பக்கம்

ஈச்சங்கரை பேருந்து நிலையத்தில் சித்திரை பதினோராம் தேதி காலை எட்டேகால் மணிக்கு, டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தென்காசி பஸ்ஸுக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், நான்கு பேர் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்கி, பம்புசெட்டு மெக்கானிக் தங்கப்பழத்தைப் பதினேழு வெட்டு வெட்டிக் கொன்றுவிட்டு வந்த வழியே போனார்கள், அவன் ரத்தம் சிமெண்டுத் தரையில் ஒரு பாய் அகலத்துக்குப் பரவி நின்றது, அது காயவில்லை. அன்றைக்குக் காயவில்லை, மறுநாளும் காயவில்லை, பேரூராட்சிக்காரர்கள் இரண்டு லாரித் தண்ணீர் அடித்துக் கழுவியபோது தண்ணீர்தான் ஓடைக்குப் போனது, ரத்தம் இருந்த இடத்தில் இருந்தது. சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அந்த வெயிலிலும் ரத்தம் அப்போதுதான் சிந்தியதுபோல மினுங்கியது. ஈ மொய்க்கவில்லை, நாற்றம் எடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய் பஸ் ஏறினார்கள்; அப்படிச் சுற்றி நடப்பது இரண்டே நாளில் பழக்கமாகிவிட்டது.

அந்த எட்டேகால் மணிக்கு அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீசியன் ஜெபக்கனி, கண்டக்டர் ராசையாவின் மினி பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஆட்டோ ஓட்டும் தம்பி தேவசகாயத்தோடு ஒரே வீட்டில் இருப்பவள், பதினெட்டு வருஷமாக அந்த ஊரின் ரத்தம், மூத்திரம், சளி எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொடுத்தவள். அவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியாத தூரம்தான். தங்கப்பழம் ஒரு கையைத் தூக்கியதையும் அந்தக் கை அறுந்து தொங்கியதையும் பார்த்தாள். பஸ்ஸில் ஒருவரும் இறங்கவில்லை, டீக்கடையில் ஒருவரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. பூ விற்கிற மாடத்தி மட்டும் தன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வெட்டுகிறவன் முதுகில் எறிந்துவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கும் முழங்கையில் ஒரு வெட்டு விழுந்தது. எல்லாம் முடிந்தபிறகு ஜெபக்கனி பின்படி வழியாக இறங்கி, எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய், எட்டரைக்கு லேபைத் திறந்து முதல் நோயாளியின் விரலில் ஊசி குத்தினாள். அவள் கை நடுங்கவில்லை. அது நடுங்காததை நினைத்துத்தான் பிறகு வெகுநாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் தங்கப்பழம் அவளுக்குத் தெரியாதவன் இல்லை. இரண்டு வருஷமாக அவன் ஆற்றங்கரைக் கிணறுகளில் முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தை அளந்து நோட்டில் எழுதிவந்தவன். ஆற்றில் மணல் அள்ளினால் கிணற்றில் தண்ணீர் இறங்கும் என்று சொல்லி மனுக் கொடுத்தபோது, மழை இல்லை, அதனால் இறங்குகிறது என்று தாலுகா ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் லேப் வாசலில் வந்து நின்று கேட்டான்.

"நீங்க நாள் பூரா சோதிக்கிற ஆளு. சொல்லுங்கக்கா. மழையா மணலான்னு எப்படிப் பிரிச்சுக் காட்டுதது?"

"மணல் அள்ளாத பக்கத்துக் கெணத்தையும் அள. ரெண்டு பக்கமும் பெய்யுதது ஒரே மழைதான? அங்க எறங்காம இங்க மட்டும் எறங்கினா, மழை மேல பழி போட முடியாதுல்லா."

அவன் சிரித்துக்கொண்டே போனான். போய் மணல் அள்ளாத மேற்குப் பக்கம் இருபத்துமூன்று கிணறுகளை ஒரு வருஷம் அளந்தான். அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி மனுக் கொடுத்தபோது ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. விசாரணை முடியும்வரை குவாரியை மூட உத்தரவு வந்தது. உத்தரவு வந்த ஒன்பதாம் நாள் அவனை வெட்டினார்கள்.

வெட்டிய அன்று மதியம் இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் அந்த ரத்தத்தைக் கொண்டுவந்து குரூப் பார்க்கச் சொன்னார். ஜெபக்கனி பார்த்தாள், பி பாசிட்டிவ் என்று எழுதினாள், மீதியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். திரும்பியபோது குழாய்க்குள் ரத்தம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. எந்தத் திரவமும் மட்டமாகத்தான் நிற்கும். இது கண்ணாடியில் ஒருபக்கமாக ஏறி அவளைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அவள் மேசையின் அந்தப் பக்கம் போனாள், ரத்தம் அந்தப் பக்கம் ஏறியது. வெளியே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், மட்டமாக நின்றது. ஆயா பேச்சித்தாயை உள்ளே போகச் சொன்னாள், பேச்சித்தாய் பக்கம் சாய்ந்தது. பேச்சித்தாயும் அந்த பஸ்ஸில் வந்தவள்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜெபக்கனி குழாயை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

நான்காம் நாள் பேருந்து நிலையத்து ரத்தமும் அசைந்தது. இளநீர் வியாபாரி சுடலைமுத்து குலையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை ஒட்டி நடந்தபோது, ரத்தத்தின் ஓரத்திலிருந்து விரல் தடிமனில் ஒரு கோடு கிளம்பி, எறும்புச் சாரைபோல நிதானமாக ஊர்ந்து போய் அவன் குதிகாலைத் தொட்டது. டீக்கடை முன்னால் நின்ற ஒருவன் சொன்னான், ரத்தம் ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்று. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுடலைமுத்து, நான் காய் வெட்டிக்கிட்டு நின்னேன், நான் காய் வெட்டிக்கிட்டு நின்னேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அரிவாள் வைத்திருந்ததாக அவனே ஒத்துக்கொண்டான் என்று கூட்டம் அதை எடுத்துக்கொண்டது. செங்கல்லால் அடித்தார்கள், அவன் குலையிலிருந்த இளநீர்க் காய்களாலேயே அடித்தார்கள், காய்கறிக்கடைத் தராசின் ஐந்து கிலோப் படிக்கல்லால் அடித்தார்கள், அவன் அங்கேயே செத்தான். அந்தப் படிக்கல் தேவசகாயத்தின் கையில் இருந்தது. ஜெபக்கனி ஆஸ்பத்திரி கேட்டில் நின்று பார்த்தாள். தம்பி அன்று மதியம் வீட்டுக்கு வந்து கைகழுவி உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஊரு சுத்தமாயிட்டுக்கா" என்றான்.

ஊர் அந்த அதிசயத்தைச் சீக்கிரமே வீட்டுப் பாத்திரம்போல எடுத்துப் புழங்கத் தொடங்கியது. ரத்தத்துக்கு மேல் தகரக் கொட்டகை போட்டார்கள். மஞ்சள் துணி கட்டினார்கள். கொட்டகைக்கு எதிரே பழக்கடை இரண்டு வந்தன. பிள்ளைகளுக்குப் பயந்த தோஷம் போக அங்கே மந்திரிக்கலாம் என்று ஆயிற்று. அந்தக் காலத்தில் ஜமீனில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனைக் கொதிக்கிற நெய்யில் கைவிடச் சொல்வார்களாம், கை வெந்தால் கள்ளன், வேகாவிட்டால் நல்லவன். கை வேகாத நெய்யும் உலகத்தில் உண்டா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. பத்தடிக்குள் வந்தால்தான் ரத்தம் ஊரும் என்று கண்டுகொண்டதும், இருபதடி தள்ளி நாலு பக்கமும் கயிறு கட்டி, யார்மேல் சந்தேகமோ அவரை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே கல்லோடு நின்றார்கள். கொட்டகைக்குத் தலைமை மணல் குவாரிக் குத்தகைக்காரர் அருணாசலம் அண்ணாச்சி. அவர் ரத்தத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெறுங்காலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அது அவர் பக்கம் அசையவே இல்லை. அதைவிட ஒரு மனிதன் உத்தமன் என்பதற்கு என்ன சாட்சி வேண்டும். குடை ரிப்பேர் செய்கிறவனை உள்ளே அனுப்பினார்கள், ரத்தம் போய்த் தொட்டது, அவன் இரண்டு கைகளையும் மணிக்கட்டில் உடைத்தார்கள். கல்லூரிக்குப் போகிற ஒரு பையனை அனுப்பினார்கள், தொட்டது, அவன் தப்பி ஓடியதால் அவன் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவன் அம்மா உள்ளே இருந்தாள். கொன்றவர்கள் நாலு பேர், இன்னும் ஒருவன் பாக்கி என்று ஊர் எண்ணிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்தாள், மேலப்பாளையத்துக்காரி, நஸீமா பானு, இருபத்தெட்டு வயது. ஜெபக்கனி அலமாரியைத் திறந்து குழாயைக் காட்டினாள். டாக்டர் கிட்டே வந்தாள். ரத்தம் டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை, ஜெபக்கனி பக்கமே சாய்ந்து நின்றது.

"நீங்க அன்னைக்கு இங்க இல்ல மேடம். அதான்," என்றாள் ஜெபக்கனி. "இது கொன்னவங்களத் தேடுதுன்னு ஊரு சொல்லுது. நான் கொல்லல. பேச்சியக்கா கொல்லல. அப்போ இது தேடுதது வேற எதையோ."

"போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"ரெண்டு பேர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நெறைய பேர வச்சுப் பாக்கணும். நான் ரூமுக்குள்ள இருந்தா அது என்னப் பாத்தே சாயும், வேற யாரையும் காட்டாது. நீங்கதான் உள்ள இருந்து பாக்கணும்."

டாக்டர், பயமாக இருக்கிறது என்று சொன்னாள், பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பதினாறு நாள் அதைச் செய்தார்கள். சர்க்கரை பார்க்க வந்தவர்கள், காய்ச்சலுக்கு வந்தவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரையும் பேச்சித்தாய் வெளியே உட்காரவைத்து, சித்திரை பதினொன்று காலையில் எங்கே இருந்தீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு, சொன்னதைச் சீட்டில் எழுதி மடித்து உண்டியல் டப்பாவில் போட்டாள். உள்ளே டாக்டர் அவர்கள் விரலில் ரத்தம் எடுக்கும்போதே, மேசைமேல் இருந்த குழாய் சாய்கிறதா இல்லையா என்று தனி நோட்டில் குறித்தாள். ஒருத்தி எழுதியது மற்றவளுக்குத் தெரியாது. கடைசி நாள் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் சேர்த்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் அறுபத்து நாலு பேர். அன்று பேருந்து நிலையத்தில் இல்லாதவர்கள் முப்பத்தாறு. அவர்களில் ஒருவர் பக்கமும் ரத்தம் சாயவில்லை. அங்கே இருந்தவர்கள் இருபத்தெட்டு. இருபத்தாறு பேர் பக்கம் சாய்ந்தது. சாயாத இருவரில் ஒருவர் கண் தெரியாதவர். இன்னொருத்தி கையில் ஒன்பது தையலோடு கட்டு மாற்ற வந்த மாடத்தி.

பேச்சித்தாய் சீட்டுகளை விரலால் தள்ளித் தள்ளி இன்னொரு தடவை எண்ணினாள்.

"பாத்துக்கிட்டுச் சும்மா நின்னவங்களத்தான் தேடுது," என்றாள் பேச்சித்தாய். "சுடலைமுத்து நம்மள மாதிரிதான் நின்னிருக்கான் பாவி."

இருபத்தாறு பேரின் பட்டியலை எழுதியபோது ஜெபக்கனி முதல் வரியைக் காலியாக விட்டிருந்தாள். ஜெபக்கனி படித்த காலத்தில் ஒரு வைத்தியரைப் பற்றிப் படித்திருந்தாள். நூற்றெழுபது வருஷம் முன்னால், வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன; டாக்டர்கள் பார்த்த வார்டில் தாய்மார்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் அவ்வளவு சாகவில்லை. அந்த மனிதர் காற்றைச் சந்தேகப்பட்டார், படுக்கையைச் சந்தேகப்பட்டார், பூசைமணி ஓசையைக்கூடச் சந்தேகப்பட்டார், ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போகிற தன் கைதான் அந்தப் பெண்களைக் கொல்கிறது என்று கண்டார். கையைக் கழுவுங்கள் என்று சொன்னதற்கு அவரைப் பரிகசித்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள், அங்கே காவல்காரர்கள் அடித்தார்கள், புண் சீழ்பிடித்துச் செத்தார். பரீட்சைக்காக அதைப் படித்தபோது ஜெபக்கனிக்கு அடி வாங்கியதுதான் பெரிதாகப்பட்டது. இப்போது, அவர் தன் கையையே திருப்பிப் பார்த்த அந்த ஒரு நாளை நினைத்தாள். பேனாவை எடுத்து முதல் வரியில் தன் பெயரை எழுதினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்டக்டர் ராசையாவைக் கொட்டகைக்குள் அனுப்பப்போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஐம்பது வயது மனிதர், மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனார். முதல்நாள்தான் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மோட்டார் சைக்கிள் நம்பர் ஒன்று ஞாபகம் இருக்கிறது, எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தார். பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க, நாலாவது ஆள் ராசையாதான் என்று ஆகிவிட்டது. ஜெபக்கனி பட்டியலோடு இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"சாமி விஷயத்துல போலீஸ் தலையிட்டா கலவரம் ஆகும்மா. நீங்க போயி சுகர் டெஸ்ட் பாருங்க."

வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்கு ஊரே கயிற்றைச் சுற்றி நின்றது. வெயிலில் ரத்தம் பளபளவென்று கிடந்தது. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராசையா யூனிபார்ம் சட்டையோடு கயிற்றோரம் நின்றார், விசிலை யாரோ பிடுங்கியிருந்தார்கள். ஜெபக்கனி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். கையில் பட்டியல் இருந்தது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு விஷயம் கேக்கேன். இவரு மேல ரத்தம் ஊருதான்னு பாக்கப் போறிய. சரி. மத்தவங்க மேல ஊராதுன்னு எப்பவாவது பாத்தியளா?"

"பாக்கணும்னு என்னம்மா அவசியம்? குத்தவாளியத்தான் சாமி காட்டுது."

"நீங்க குத்தவாளின்னு சொன்ன ஆள மட்டும்தான் உள்ள விடுதிய. அது காட்டாம எப்படி இருக்கும்?"

"நர்ஸம்மா, இது உங்க லேபு இல்ல," என்றார் அண்ணாச்சி. நர்ஸ் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அவள் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறேழு அடி எடுத்துவைத்து நின்றாள். ரத்தத்தின் ஓரம் நெகிழ்ந்தது. கோடு கிளம்பி வந்து அவள் வலதுகால் பெருவிரலைத் தொட்டது. சூடாக இருந்தது, அதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"நான் யாரையும் வெட்டல," என்று சத்தமாகச் சொன்னாள். "பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். இது அதுக்கு வருது. எங்கிட்ட அறுபத்து நாலு பேர்..."

அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை. இவளும் சேர்ந்தவள்தான் என்று அண்ணாச்சியின் ஆள் ஒருவன் சொன்னான். முதல் கல் அவள் தோளில் விழுந்தது. இரண்டாவது கல் தாடையில் விழுந்து, எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. ராசையா உள்ளே பாய்ந்து அவளுக்கு முன்னால் நின்றார், ரத்தத்திலிருந்து இரண்டாவது கோடு கிளம்பி அவரிடம் போனது. பேச்சித்தாய் வந்தாள், மூன்றாவது கோடு கிளம்பியது. கூட்டம் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு, கம்பும் கல்லும் செங்கல்லுமாக நாலு பக்கத்திலிருந்தும் உள்ளே ஓடிவந்தது. ஜெபக்கனியின் இடது கையை மிதித்து ஒடித்தார்கள். ராசையாவின் மண்டை பிளந்தது. பேச்சித்தாயின் காதைத் தோட்டோடு பிய்த்தார்கள். தரையில் கன்னம் பதியக் கிடந்த ஜெபக்கனிக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன, நூற்றுக்கணக்கான கால்கள். அந்தக் கால்களுக்கு நடுவில் பாய் அகலத்து ரத்தம் வேர்போலப் பிரிந்து, கிளைவிட்டு, கிளையிலிருந்து கிளைவிட்டு, ஒவ்வொரு குதிகாலாகத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. சிலருடையதை மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தது. கல்லை ஓங்கியிருந்த ஒருவன் கால் நனைந்ததை உணர்ந்து குனிந்தான். பக்கத்தில் நின்றவன் அவன் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தான். சத்தம் அப்படியே அடங்கியது. அதற்குச் சற்று முன்னால்தான் தேவசகாயம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அக்காமேல் கவிழ்ந்து படுத்திருந்தான், கடைசியாக விழுந்த அடிகளெல்லாம் அவன் முதுகில் விழுந்திருந்தன.

அந்த அமைதியில் மாடத்தி கட்டுப்போட்ட கையோடு நடுவில் நடந்து வந்தாள். ரத்தம் அவள் பாதத்துக்கு வழிவிட்டு விலகியது.

"எம்மேல ஊராது," என்றாள். "எனக்குத் தெரியும். நான் கொடத்தத் தூக்கி எறிஞ்சேன். நீங்க அம்புட்டுப் பேரும் இருந்தியளே, ஆளுக்கொரு கொடம் எறிஞ்சிருந்தா அவன் பொழச்சிருப்பான்."

அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழுந்தார். "எம்மேலயும் ஊரல. பாத்துக்கிடுங்க," என்றார்.

"நீங்க அங்க இல்ல அண்ணாச்சி," என்றார் ராசையா. அவர் முகம் முழுக்க ரத்தம் வழிந்து கண் மூடியிருந்தது. "குவாரி ஆபீஸ்ல ஒக்காந்து ஆள அனுப்பினிய. இதுக்குப் பாத்தவனத்தான் தெரியும், அனுப்பினவனத் தெரியாது. அத நாங்கதான் சொல்லணும்." பிறகு அந்த மோட்டார் சைக்கிள் நம்பரைச் சொன்னார், அதை ஓட்டி வந்தவன் பெயரைச் சொன்னார், அவன் அண்ணாச்சியின் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன் என்பதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் காலில் இருந்த ரத்தம் காய்ந்து, கருத்து, செதிலாக உதிர்ந்தது. அதைத் தரையில் கிடந்த ஜெபக்கனி பார்த்தாள்.

டீக்கடைக்காரர் அடுத்துச் சொன்னார். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர் சொன்னார். சொல்லச் சொல்லக் கால்கள் காய்ந்தன. கொன்ற நாலு பேரின் பெயர்களும் வந்துவிட்டன. ஆனாலும் கையில் கல் இருந்தவர்களுக்குக் கல்லை என்ன செய்வதென்று தெரியவில்லை, சிலர் அதை அண்ணாச்சியைப் பார்த்து எறிந்தார்கள். ராசையா வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார். போலீஸ் வந்து சேர்வதற்குள் அண்ணாச்சிக்கு ஒரு கண் போயிருந்தது.

தேவசகாயம்தான் அக்காவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் பறந்தான். தாடையைக் கம்பி வைத்துக் கட்டினார்கள், ஆறு வாரம் அவளால் வாய் திறக்க முடியவில்லை. அவன் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சி, உறிஞ்சுகுழாய் வைத்து ஊட்டினான், அவள் தலைமுடியை அவனே பின்னிவிட்டான். வலதுகாலில் ரத்தம் ஈரமாகவே இருந்தது. பார்த்ததைக் காகிதத்தில் எழுதிக்கொடுத்துப் பார்த்தாள், காயவில்லை. கம்பி எடுத்த அன்று மாஜிஸ்திரேட் முன்னால் வாயால் சொன்னாள், காய்ந்தது. நூற்றுப்பன்னிரண்டு பேர் சாட்சி சொன்னதில் நாலு பேரும் உள்ளே போனார்கள், அண்ணாச்சியும் போனார், குவாரி மூடியே கிடந்தது. கொட்டகையைப் பிரித்தார்கள். தரையில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு, சுடலைமுத்துவின் மனைவி மூக்கம்மாள் லேபுக்கு வந்தாள். நோயாளிகள் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தாள்.

"நீங்க பெரிய சோதனை எல்லாம் செஞ்சியளாம். எங்க வீட்டுக்காரரு கொலகாரர் இல்லன்னு உங்க கணக்குல வந்துச்சாம்."

"ஆமா. அவரு நின்னு பாத்தாரு. நாங்க எல்லாரும் பாத்த மாதிரி."

"அப்போ உங்களயெல்லாம் விட்டுட்டு அவர மட்டும் ஏன் கொன்னாவ?"

ஜெபக்கனி ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

"அவரு ரத்தம் அன்னைக்கே காஞ்சிட்டும்மா," என்றாள் மூக்கம்மாள். "ஊரவுமில்ல, யாரையும் தேடவுமில்ல. எல்லார் ரத்தமும் தேடாது போல. நாந்தான் தேடணும். ஸ்டேஷன்ல கேட்டா, கூட்டம் அடிச்சுது, கூட்டத்துக்குப் பேரு கெடையாதுங்காவ. நீங்க ஆஸ்பத்திரி கேட்டுல நின்னு பாத்தியளாமே."

"நின்னேன்."

"யாரு யாருன்னு தெரியுமா?"

ஜெபக்கனி கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தாள். பேச்சித்தாயிடம், வர நேரமாகும், வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றாள். வாசலில் தேவசகாயம் ஆட்டோவோடு நின்றிருந்தான், தாடை உடைந்த நாளிலிருந்து அவளை அவன்தான் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போகிறான். ஜெபக்கனியும் மூக்கம்மாளும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"எங்கக்கா?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

அவன் கண்ணாடியில் மூக்கம்மாளைப் பார்த்தான். அவள் யார் என்று அவனுக்குத் தெரியும். ஹேண்டில் மேல் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். ஜெபக்கனி இறங்கி வேறு ஆட்டோ பிடிக்கவில்லை. பிறகு அவன் வண்டியைக் கிளப்பினான். மேடு பள்ளம் வந்த இடங்களில் அக்காவின் தாடை அதிராமல் மெதுவாக ஓட்டினான். ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழல் பார்த்து நிறுத்தினான்.

உள்ளே புதிதாக வந்திருந்த ரைட்டர் பேப்பரை விரித்துக்கொண்டு, கூட்டம் என்று எழுதக் கூடாது, பெயர் வேண்டும் என்றார். ஜெபக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவரும் எங்கே நின்றார், கையில் என்ன வைத்திருந்தார், எத்தனை தடவை ஓங்கினார் என்று பார்த்த வரிசைப்படி சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் ஆள் செங்கல். இரண்டாவது ஆள் செங்கல். மூன்றாவது ஆள் இளநீர்க் காய். ரைட்டர் எழுதிக்கொண்டே வந்தார். ஏழாவது பெயரையும் அதே குரலில் சொன்னாள்.

"தேவசகாயம். ஐந்து கிலோப் படிக்கல். ரெண்டு தடவை. தலையில."

"அப்பா பேரு?"

"ஞானமுத்து."

ரைட்டர் மேலே அவள் சொல்லியிருந்த விலாசத்தைப் பார்த்தார், அவள் அப்பா பெயரைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"இப்போ எங்க இருக்காரு?"

மூக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"வெளியதான். ஆட்டோவுல இருக்கான்."